நம் இசை ரசனை எப்படி உருவாகிறது, ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

பத்து வயதில் உயிராக இருந்த பாட்டு இருபதில் சலித்துப்போகிறது, இருபதில் காது கொடுத்துக் கேட்கவே முடியாத இசை முப்பத்தைந்தில் திடீரென்று பிடித்துப்போகிறது, இதற்கு நடுவில் பதினாறு வயதில் கேட்ட சில பாட்டுகள் மட்டும் என்ன ஆனாலும் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லோருக்கும் இது நடக்கிறது. கேட்டால் "ரசனை மாறிடுச்சு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் எது மாறியது, ஏன் அந்த வயதில் மாறியது, ஏன் சிலது மட்டும் மாறாமல் நின்றது என்பதற்கெல்லாம் ஓரளவு தெளிவான பதில்கள் இருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள இசை படித்திருக்க வேண்டாம், பாட்டு கேட்கிற பழக்கம் இருந்தால் போதும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ரசனை பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது, வளர வளர அது வெளியே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதைக் கேட்டோம், எத்தனை முறை கேட்டோம், எந்த வயதில் கேட்டோம், யாரோடு கேட்டோம், பெரும்பகுதியை இவைதான் தீர்மானிக்கின்றன. சுபாவத்துக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒரே பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த அக்காவும் தம்பியும் வேறு வேறு திசையில் போவதைப் பார்க்கிறோமே. ஆனால் சுபாவம் எந்தச் சரக்கிலிருந்து தேர்ந்தெடுக்கிறது என்று பார்த்தால், காதில் ஏற்கெனவே விழுந்த சரக்கிலிருந்துதான்.

மூளை ஊகித்துக்கொண்டே இருக்கிறது

முதலில் ஒரு அடிப்படை விஷயம், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அடுத்த நொடியை மூளை முன்கூட்டியே ஊகித்துக்கொண்டே போகிறது. அடுத்த அடி எப்போது விழும், மெட்டு மேலே ஏறுமா கீழே இறங்குமா, இப்போதே பல்லவிக்குத் திரும்புவார்களா இன்னும் ஒரு சுற்று போவார்களா என்று. நாம் யோசித்துச் செய்வதில்லை, தானாக நடக்கிறது. முன்பின் கேட்டிராத பாட்டுக்கும் நம் கால் தாளம் போடுகிறதென்றால் காரணம் இதுதான். அடுத்த அடி எங்கே விழும் என்று மூளை கணித்து வைத்திருப்பதால்தான் கால் சரியான நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்கிறது.

ஊகம் எல்லாமே பலித்துவிட்டால் பாட்டு சப்பென்று இருக்கும். ஒன்றுகூடப் பலிக்கவில்லை என்றால் அது வெறும் சத்தமாகத் தெரியும். பெரும்பாலும் பலித்து, எதிர்பாராத ஓர் இடத்தில் கொஞ்சம் ஏமாற்றி, அந்த ஏமாற்றமும் 'அட, இப்படியும் போகலாமா' என்று தோன்றும்படி அமைந்தால் அந்தப் பாட்டு நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ரொம்ப நாள் பழகிய நண்பரோடு பேசுவதும் இப்படித்தான், அவர் எப்படிப் பேசுவார் என்று நமக்குத் தெரியும், ஆனாலும் நாம் நினைக்காத ஒன்றை அவர் சொல்லும்போதுதான் பேச்சு களைகட்டும்.

கனடாவின் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். இசை கேட்டால் உடம்பு சிலிர்க்கும் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவரவருக்குச் சிலிர்ப்பைத் தருகிற இசையையே போட்டு, மூளையை ஸ்கேன் செய்தார்கள். சிலிர்ப்பு வரும் அந்த உச்ச நொடியில், சுகத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரந்தது, அதுகூட ஆச்சரியமில்லை. அந்த இடம் 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கிற நொடிகளிலும் மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரந்தது. ஆக, காத்திருப்பதே ஒரு சுகம். ஆனால் எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால்தானே காத்திருக்க முடியும்? அதற்கு அந்தப் பாட்டையோ, அந்த மாதிரிப் பாட்டுகளையோ முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் பழக்கம் உள்ளே வருகிறது. ராபர்ட் ஸயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். அர்த்தமில்லாத சொற்கள், படிக்கத் தெரியாத எழுத்துகள், முன்பின் தெரியாத முகங்கள் என்று எதைக் காட்டினாலும், அதிகமுறை பார்த்ததையே மக்கள் நல்லதாக மதிப்பிட்டார்கள். பரிச்சயமே ஒரு விருப்பத்தை உண்டாக்குகிறது. பாட்டுக்கும் இது பொருந்தும், ஆனால் ஒரு எல்லைவரைதான். டேனியல் பெர்லைன் 1971-இல் விளக்கியதன்படி விருப்பம் ஒரு மேடு மாதிரி ஏறி இறங்கும். புதிதாக இருக்கும்போது குறைவு, பழகப் பழக ஏறும், ஓர் உச்சிக்குப் போகும், அப்புறம் தெவிட்டி இறங்கும். எளிமையான பாட்டு சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. சிக்கலான இசை மெதுவாக ஏறுகிறது, ஆனால் நிறைய நாள் அங்கே நிற்கிறது. நாலே நாளில் ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு ஆறு மாதத்தில் காணாமல் போவதும், முதலில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாட்டு வருஷக்கணக்கில் நிற்பதும் இந்தக் கணக்கில் புரிகிறது. எனக்கு இப்போது மிகவும் பிடித்த பல இசைகள் முதல்முறை கேட்டபோது ஒன்றும் செய்யாதவைதான்.

சரி, இப்போது வயதுக்கு வருவோம்.

பிறப்பதற்கு முன்பும், பிறந்த முதல் வருஷமும்

காது கர்ப்பத்திலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது, கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்கு வெளிச் சத்தம் நன்றாகவே எட்டுகிறது. கீச்சென்று உயர்ந்த ஸ்தாயியில் வரும் ஒலிகள் வழியில் மங்கிப்போகின்றன. தாழ்ந்த ஒலிகளும், தாளமும், குரலின் ஏற்ற இறக்கமும் போய்ச் சேர்கின்றன. பின்லாந்தில் ஓர் ஆய்வுக் குழு, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஒரே தாலாட்டு மெட்டைத் தாய்மார்களைத் தொடர்ந்து போடச் சொல்லி, குழந்தைகள் பிறந்ததும் ஒரு முறை, நான்கு மாதத்தில் ஒரு முறை மூளை அலைகளைப் பார்த்தது. அந்த மெட்டுக்கு அந்தக் குழந்தைகளின் மூளை மற்றக் குழந்தைகளைவிட வலுவாக எதிர்வினை காட்டியது. 2013-இல் வெளிவந்தது இது. இதைப் பிடித்துக்கொண்டு 'வயிற்றில் இருக்கும்போதே உயர்ந்த இசையைப் போட்டால் அறிவாளியாகப் பிறக்கும்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கேட்டதை மூளை ஞாபகம் வைக்கிறது என்பது மட்டும்தான் இதில் தெரிவது. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அடுத்த ஆய்வு என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. மேற்கத்திய பாப் இசையில் அடிகள் பெரும்பாலும் சம இடைவெளியில் விழும். பல்கேரியா, மாசிடோனியா அடங்கிய பால்கன் பகுதியின் நடனப் பாட்டுகளில் அப்படியில்லை, இரண்டு, இரண்டு, மூன்று என்று ஏழு எண்ணிக்கைக்குள் ஏறுமாறாகப் பிரிந்து விழும், அங்கே வளர்ந்தவர்களுக்கு அது இயல்பு. எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த இரண்டு வகை மெட்டுகளையும் வட அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டி, நடுவில் தாளத்தைக் கெடுத்தால் கண்டுபிடிக்கிறார்களா என்று 2005-இல் சோதித்தார்கள். பெரியவர்கள் தங்களுக்குப் பழகிய தாளத்தில் கண்டுபிடித்தார்கள், பால்கன் தாளத்தில் தடுமாறினார்கள். ஆறு மாதக் குழந்தைகள் இரண்டிலும் கண்டுபிடித்தன! ஒரு வயதுக் குழந்தைகளோ பெரியவர்களைப் போலவே ஆகிவிட்டிருந்தன. அதாவது பேசக்கூடத் தொடங்காத அந்த முதல் வருஷத்துக்குள்ளேயே காது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இன்னொன்றும் பார்த்தார்கள், இரண்டு வாரம் வீட்டில் அந்த வெளிநாட்டு இசையைக் கேட்க வைத்ததும் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு அந்தத் திறமை திரும்பி வந்தது. பெரியவர்களுக்கு அதே அளவு கேட்டது போதவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது சிமானே மக்களைப் பற்றி. பொலிவியாவின் அமேசான் காட்டுப் பகுதியில், வெளியுலக இசையோடு அதிகத் தொடர்பில்லாமல் வாழ்கிறவர்கள். சில ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் இனிமை, சிலவற்றைச் சேர்த்தால் நாராசம் என்பது காதின் இயற்கை என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2016-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில் சிமானே மக்கள் இரண்டு வகைச் சேர்க்கையையும் ஒரே அளவு இனிமையானதாகவே மதிப்பிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தது, ஆனால் ஒன்று இனிமை மற்றது கெட்டது என்று அவர்கள் பிரிக்கவில்லை. இவ்வளவு அடிப்படையான ஒன்றிலேயே பழக்கத்துக்கு இத்தனை பங்கு இருக்கும்போது, எந்தப் பாடகர் உசத்தி என்ற சண்டையில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு வயது

சின்னக் குழந்தைகள் ஒரே பாட்டை நாற்பது முறை கேட்பார்கள், வீட்டில் எல்லோருக்கும் பொறுமை போய்விடும். அவர்களுக்கு அது சலிப்பதில்லை, ஏனென்றால் ஊகம் பலிப்பதே அவர்களுக்கு இன்னும் புதுச் சுகம். 'இப்போ அந்த இடம் வரும்' என்று காத்திருந்து அது வந்ததும் குதிப்பதைப் பாருங்கள், முன்னே சொன்ன காத்திருப்பின் சுகம் அப்பட்டமாகத் தெரிகிற வயது அது.

இந்த வயதில் இன்னொரு அருமையான குணம் உண்டு. டேவிட் ஹார்கிரீவ்ஸ் என்ற இசை உளவியலாளர் 1980-களின் தொடக்கத்தில் இதைத் திறந்த காது என்று குறிப்பிட்டார். சிறு குழந்தைகள் விசித்திரமான, பழக்கமில்லாத இசையையும் முகம் சுளிக்காமல் கேட்பார்கள். மின்னணு ஒலி, வேற்று மொழிப் பாட்டு, வாத்தியம் மட்டும் வாசிப்பது, எதுவானாலும் சரி. எட்டு, ஒன்பது, பத்து வயதுவாக்கில் இது மெல்ல மூடிக்கொள்கிறது, 'இது சின்னப் பசங்க பாட்டு', 'இது தாத்தா பாட்டு' என்று ஒதுக்க ஆரம்பிக்கிறார்கள். காது மாறிவிடவில்லை, பாட்டுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது, அது தன் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைக்குத் தெரிய வந்துவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தத் திறந்த சில வருஷங்களை நல்லபடியாகப் பயன்படுத்துங்கள் என்றுதான் நான் சொல்வேன். பாடம் எதுவும் நடத்த வேண்டாம், விதவிதமாக ஓடவிட்டால் போதும்.

பதின்ம வயது, பெரிய ஆட்டம் இங்கேதான்

பன்னிரண்டு பதிமூன்றில் தொடங்கி இருபது வரைக்கும் இசைக்கும் நமக்கும் நடக்கிற உறவு வேறெந்த வயதிலும் நடப்பதில்லை. பல விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன.

ஒன்று, உணர்ச்சிகள். சுகத்தைத் தேட வைக்கிற மூளையின் வெகுமதி அமைப்பு இந்த வயதில் முழு வேகத்தில் ஓடுகிறது, அதைக் கட்டுப்படுத்தி நிதானிக்க வைக்கிற முன்பகுதி இன்னும் வளர்ந்து முடியவில்லை, அது இருபதுகளின் நடுவரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் சந்தோஷம், அவமானம், காதல், கோபம் எல்லாமே பெரிதாக வருகிறது. அதைச் சொல்ல வார்த்தை வராது. தனக்குச் சொல்லத் தெரியாததை வேறொருவர் மூன்றரை நிமிஷத்தில் பாடி வைத்திருப்பதைக் கேட்டால் என்ன ஆகும்? அந்தப் பாட்டு தனக்காகவே எழுதப்பட்டது என்றுதான் தோன்றும். பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் அதைவிட நல்ல துணை பல சமயம் இருப்பதில்லை.

சத்தமான, ஆவேசமான இசை இந்த வயதில் பிடிப்பதற்கும் இதுதான் காரணம். பங்க், ஹெவி மெட்டல், ஆவேசமான ராப் கேட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களை வைத்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆவேசமான இசை மீதான ஈடுபாடு பதின்ம வயதில் உச்சத்தில் இருந்து அப்புறம் வயதோடு குறைந்துகொண்டே போனது. ஆடவைக்கிற, துள்ளலான சமகால இசை நடுவயதின் தொடக்கம்வரை ஏறி நின்றது. ஜாஸ், செவ்வியல் மாதிரி நுணுக்கமானவையும், நாட்டுப்புறச் சாயல் கொண்ட எளிய பாட்டுகளும் வயது ஏற ஏறக் கூடின. பதின்ம வயதில் 'நான் யார்' என்று நிறுவ வேண்டும், அப்புறம் துணையும் நெருக்கமும் வேண்டும், அதற்கும் அப்புறம் அமைதியும் நிலைத்த இடமும் வேண்டும். அந்தந்தக் காலத்தின் தேவைக்கு ஏற்ற இசையை மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம், எனக்கும் அது சரியாகப் படுகிறது.

இரண்டாவது, கூட்டாளிகள். 'நீ என்ன கேட்கிறாய்' என்ற கேள்வி இந்த வயதில் 'நீ எங்கள் ஆளா' என்ற கேள்விதான். நண்பர்கள் கேட்பதால் ஒரு பாட்டைக் கேட்க ஆரம்பித்து, கேட்டுக் கேட்டு நிஜமாகவே அது பிடித்துப்போய்விடுவது சாதாரணம். இதைப் பொய் ரசனை என்று சொல்ல முடியாது, ரசனை உருவாகிற வழிகளில் இதுவும் ஒன்று. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட இணையச் சோதனை இதற்கு நல்ல சான்று. 14,000-க்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்டார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். யாரும் அறியாத இசைக் குழுக்களின் 48 பாட்டுகள். ஒரு பிரிவினருக்கு வெறும் பாட்டுப் பட்டியல் மட்டும், மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் பிரபலமான பாட்டு இன்னும் பிரபலமானது, அது மட்டுமில்லை, ஒரு உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானவை உச்சிக்குப் போவதும் அரிது, அந்த அளவுக்குத் தரம் வேலை செய்கிறது. இடைப்பட்ட பெரிய கூட்டத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். முதலில் யார் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது, நேரமும் தனிமையும். 1979-இல் சோனி வாக்மேன் வந்த பிறகு இசை காதுக்குள் போய்விட்டது, வீட்டார் கேட்பதையே கேட்டாக வேண்டிய நிலை போய், பிள்ளை தன் அறையில், பயணத்தில், தூக்கம் வரும்வரை தன் பாட்டைத் தான் கேட்க முடிந்தது. இப்போது போனும் ஹெட்ஃபோனும் அதையே செய்கின்றன. வேறெந்த வயதிலும் ஒரே ஆல்பத்தை இத்தனை முறை ரிப்பீட்டில் போட நமக்கு நேரம் இருந்ததில்லை.

அந்தப் பாட்டுகள் ஏன் போவதே இல்லை

மாரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 1932 முதல் 1986 வரை பிரபலமாக இருந்த 28 பாட்டுகளின் துண்டுகளைப் பல வயதினருக்கும் போட்டுக் காட்டி எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும், தான் 23, 24 வயதாக இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுகள்மீதுதான் விருப்பம் உச்சத்தில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்தவை போகப் போகக் குறைந்தன. இந்த வயதுக் கணக்கைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் இன்னும் கீழே, பதின்ம வயதின் நடுவுக்கே கொண்டுபோகின்றன. பதின்ம வயதும் இருபதுகளின் முன்பாதியும் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

காரணம் பாட்டில் மட்டும் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது. வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைத்துச் சொல்லச் சொன்னால் சுமார் பத்திலிருந்து முப்பது வயதுவரை நடந்தவையே அதிகம் வரும், உளவியலில் இது நன்றாக உறுதியான ஒன்று. முதல் நட்பு, முதல் காதல், முதல் வேலை, வீட்டை விட்டு முதலில் தள்ளி இருந்தது என்று பல 'முதல்'களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. பாட்டு அவற்றோடு ஒட்டிக்கொண்டு சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டு காதில் விழும்போது நாம் கேட்பது மெட்டை மட்டுமில்லை, அந்த வயதில் இருந்த நம்மையும் சேர்த்துத்தான்.

இதில் ஒரு அழகான திருப்பம் உண்டு. கரோல் க்ரும்ஹான்சல், ஜஸ்டின் ஸுப்னிக் இருவரும் 2013-இல், இருபது வயதுவாக்கில் இருந்த மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான அமெரிக்க ஹிட் பாட்டுகளைப் போட்டார்கள். தங்கள் காலத்துப் பாட்டுகள் அவர்களுக்கு நெருக்கமாக இருந்தது எதிர்பார்த்ததே. தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த 1980-களின் தொடக்கத்துப் பாட்டுகளிலும் தனியாக ஒரு மேடு தெரிந்தது! அதற்கும் முன்னால் 1960-களிலும் ஒன்று, அது தாத்தா பாட்டிகளிடமிருந்து வந்ததாக இருக்கலாம், அல்லது அந்தக் காலத்து இசையின் தரமாக இருக்கலாம் என்றார்கள். பெற்றோருக்குத் தங்கள் இளமைப் பாட்டு விடாது, அதையே வீட்டில் போடுகிறார்கள், பிள்ளையின் காதில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. பதினைந்து வயதில் 'இந்தப் பழைய பாட்டை நிறுத்துங்கப்பா' என்று கத்தின பிள்ளை முப்பதில் அதையே தேடி எடுத்துக் கேட்பதற்கு இது ஒரு நியாயமான விளக்கம்.

இங்கே ஒரு பழைய சண்டையைப் பற்றியும் பேசிவிட வேண்டும், 'எங்கள் காலத்துப் பாட்டுதான் பாட்டு, இப்போது வருவதெல்லாம் குப்பை' என்ற சண்டை. இதில் இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. உங்கள் இளமைப் பாட்டுகள்மேல் நீங்கள் ஆயிரக்கணக்கான மணி நேரம் செலவழித்திருக்கிறீர்கள், இன்றைய பாட்டுக்குக் கொடுத்தது ஒரு அரைகுறைக் கேட்பு, இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அப்புறம், காலம் ஒரு பெரிய வடிகட்டி. ஒவ்வொரு பத்தாண்டிலும் ஏராளமான சுமாரான பாட்டுகள் வந்தன, அவை மறைந்து நல்லவை மட்டும் நிலைத்திருக்கின்றன. இன்றைய பாட்டுகள் இன்னும் வடிகட்டப்படவில்லை, எல்லாம் சேர்ந்தே காதில் விழுகிறது. நாற்பது வருஷத்து வடிகட்டிய தொகுப்பை இந்த வாரத்து வரவோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை, இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

முப்பதுக்குப் பிறகு

வேலை, குடும்பம், பொறுப்பு என்று வந்ததும் புதிய இசையைத் தேடிப் போவது குறைகிறது. புதிது கேட்க உழைப்பு வேண்டும், ஊகம் பலிக்காத சில சுற்றுகளைத் தாங்க வேண்டும், களைத்த மனம் பழையதையே கேட்கிறது. ஸ்ட்ரீமிங் ஆப்களின் அல்காரிதமும் முன்பு கேட்டதை வைத்தே அடுத்ததைத் தருகிறது, அதனால் வட்டம் இன்னும் சுருங்கலாம். ஆனால் இதே வயதில் இன்னொன்றும் நடக்கிறது. யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் போய்விடுகிறது, பதினேழில் ஒதுக்கிய வகைகளைத் திரும்பிப் பார்க்க இப்போது எந்தத் தடையும் இல்லை. இத்தனை வருஷம் கேட்ட பழக்கத்தால் காதும் தேறியிருக்கிறது, முன்பு எளிய பாட்டு தந்த சுகத்தை இப்போது இன்னும் கொஞ்சம் சிக்கலான ஒன்றுதான் தரும்.

மூடிய காதைத் திறக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பேன். குழந்தைக்கு ஆவதைப் போல இரண்டு வாரத்தில் ஆகாது, அவ்வளவுதான். உங்களுக்குப் புரியாத வகை ஒன்றை எடுத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து பாட்டுகளை ஒவ்வொரு முறை கேட்பதைவிட, இரண்டே இரண்டு பாட்டுகளைப் பல நாள் திரும்பத் திரும்பக் கேட்பது பலன் தரும், ஏனென்றால் ஊகிக்கக் கற்றுக்கொள்ள அதே பாட்டு மறுபடி வர வேண்டும். முதலில் தாளத்தை மட்டும் பிடியுங்கள், எங்கே சுற்று முடிந்து மறுபடி ஆரம்பிக்கிறது என்று விரலால் தட்டிப் பாருங்கள். அதைப் பிடித்துவிட்டால் மெட்டு தானாக வழிக்கு வரும். அந்த வகையை உயிராக நேசிக்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து 'இந்த இடத்தைக் கேள்' என்று காட்டினால் அது பத்து முறை தனியாகக் கேட்பதற்குச் சமம். எவ்வளவு கேட்டும் எந்த இசையுமே எதுவும் செய்யவில்லை என்று சொல்கிற ஒரு சிறுபான்மையினரும் உண்டு; காது நன்றாக இருக்கும், மற்ற சந்தோஷங்களும் இருக்கும், இசை மட்டும் அவர்களைத் தொடுவதில்லை. 2014-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து உறுதிசெய்தார்கள். அப்படிப்பட்டவரை வற்புறுத்த வேண்டாம்.

வயதான பிறகு

முதுமையில் மாறுவதில் ஒரு பகுதி ரசனை, ஒரு பகுதி காது. உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை, உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்குகின்றன. பாடகர் சொல்கிற 'ஸ', 'ச' போன்ற ஒலிகள் தேய்ந்து, வார்த்தை புரியாமல் போகிறது. 'இப்போ பாடுறவங்க வார்த்தையே புரியலை' என்று வயதானவர்கள் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. பழைய பாட்டென்றால் வார்த்தை ஏற்கெனவே மனப்பாடம், காதில் விழாததை ஞாபகம் நிரப்பிவிடும். இளைஞர்கள் இதைப் படித்தால் ஹெட்ஃபோன் சத்தத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை, சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு அளவு. காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்கு இசை விகாரமாகக் கேட்டால், அந்தக் கருவிகள் முக்கியமாகப் பேச்சுக்காகச் சரிசெய்யப்பட்டவை என்பது காரணமாக இருக்கலாம். பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, பொருத்துகிறவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறதி நோய் வந்தவர்களில் பலருக்கு, பேர்களும் முகங்களும் நழுவின பிறகும் தெரிந்த பாட்டு நிற்கிறது, கூடவே பாடுகிறார்கள். வீட்டில் அப்படி ஒருவருக்கு ப்ளேலிஸ்ட் போடுவதென்றால் அவர் பிறந்த வருஷத்தோடு பன்னிரண்டைக் கூட்டி அங்கிருந்து ஆரம்பித்து, அவருக்கு இருபத்தைந்து வயதான வருஷம்வரை போங்கள். 1948-இல் பிறந்தவர் என்றால் 1960 முதல் 1973 வரை வந்த பாட்டுகள். அவருடைய அம்மா அப்பா இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும் நாலைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். எது போடும்போது உதடு அசைகிறது, எது போடும்போது முகம் சுருங்குகிறது என்று பார்த்து, பிடிக்காததை எடுத்துவிடுங்கள், துக்கமான ஞாபகத்தோடு ஒட்டிய பாட்டும் அதில் இருக்கக்கூடும்.